அம்மாள் வந்தால் ஆசுபத்திரிக்குப் போகக்கூடாதா?

உப்புவெளியான்:
எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளைக்குக் கொப்புளிப்பான், அதாவது சின்னம்மை. ஊரில் “அம்மாள் வந்திருக்கிறா” என்பார்கள். பிறகு தகப்பனுக்கும் தொற்றி, மூச்சு முட்டிய பிறகுதான் அவரை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதுவரை “அம்மாள் கோபிப்பா” என்று வேப்பிலையும் இளநீரும்தான். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தானாக மாறிவிடும். பெரியவர்களுக்கு நுரையீரல் வரை போகலாம், கர்ப்பிணிகளுக்கும் ஆபத்து. வைரசை அடக்கும் அசைக்ளோவிர் குளிசையைக் கொப்புளம் போட்ட 24 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். அந்த ஒரு நாளைத்தான் நாங்கள் வீட்டில் கழித்துவிடுகிறோம்.

சல்லிக்கரை:
தம்பி, வேப்பிலையைப் பழிக்காதீர்கள். வாசலில் அது தொங்கினால் யாரும் படியேற மாட்டார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போகாது, வீட்டார் கலியாணவீட்டுக்கும் போகமாட்டார்கள். கொப்புளம் பொருக்கு விட்ட பிறகுதான் தண்ணி வார்ப்பு. டொக்டர்மாரும் பொருக்கு விடும்வரைதானே ஒதுங்கியிருக்கச் சொல்கிறார்கள்? சட்டம் போட்டாலும் இந்தக் கட்டுப்பாடு வராது. சல்லி முத்துமாரியம்மனுக்கு நேர்த்தி வைத்த தாய்க்கு அது பெரிய தெம்பு.

கிண்ணியாத் தாய்:
எங்கள் பக்கம் அம்மாள் என்று சொல்வதில்லை. ஆனாலும் என் மகனுக்கு வந்தபோது மாமி மீன், முட்டை எல்லாம் நிறுத்தினா, குளிக்கவும் விடவில்லை. இதைக் கோயில் விஷயமாக மட்டும் பார்க்க ஏலாது. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை திருகோணமலை டவுனுக்குப் பாதையில், அதாவது சனத்தை ஏற்றும் மிதவையில்தான் கடக்க வேண்டும். கொப்புளத்தோடு பிள்ளையை அந்தச் சனத்துக்குள் யார் ஏற்றுவார்கள்? இப்போது பாலம் இருக்கிறது, சரி. ஆனால் ஒரு கிளினிக்கில் தமிழ் தெரியாத டொக்டருக்கு, பிள்ளை இரவு முழுக்க அனத்தியதைக் கையால்தான் காட்டினேன். “ஏன் குளிப்பாட்டவில்லை” என்று அங்கே ஏசியது மட்டும் நன்றாக விளங்கியது. அப்படி ஏச்சு வாங்கியவள் அடுத்த பிள்ளைக்கும் போவாளா?

உப்புவெளியான்:
அக்கா, அந்த ஏச்சு பிழைதான். ஆனால் அண்ணை ஒன்றை விட்டுவிட்டார். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே இது தொற்றும். வேப்பிலை கட்டும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போயிருக்கும். இதற்கான தடுப்பூசி அரசாங்க அட்டவணையிலும் இல்லை, தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். கடல் தொழில் செய்கிற குடும்பம் அந்தக் காசுக்கு எங்கே போகும்? குளிக்காமல் சொறிந்தால் புண் சீழ் பிடிக்கும், அதுவும் கவலை.

சல்லிக்கரை:
வேப்பிலை போட்டு அவித்த தண்ணீரை ஆறவைத்து உடம்பு துடைக்கச் சொன்னால் எந்த அம்மம்மாவும் மறுக்க மாட்டா. ஆசுபத்திரி வாட்டில் யாராவது அப்படிச் சொல்லட்டுமே. “மூடநம்பிக்கை” என்று தொடங்கினால் அந்த வீட்டார் அதற்குப் பிறகு வாயே திறக்க மாட்டார்கள்.

உப்புவெளியான்:
சரி, அந்தச் சொல்லை விடுகிறேன். ஆனால் பெரியவரோ கர்ப்பிணியோ என்றால் முதல் கொப்புளம் கண்ட அன்றே டொக்டரிடம் போக வேண்டும், நேர்த்தியும் கூடவே இருக்கட்டும். இதைப் பூசகரே சொன்னால் சனம் கேட்கும். கேட்டுப் பார்ப்பீர்களா?

சல்லிக்கரை:
செவ்வாய்க்கிழமை கேட்கிறேன். ஆனால் இது அம்மாள் இல்லை என்று அவர் சொல்லமாட்டார். அப்படிச் சொல்லும்படி நானும் கேட்கமாட்டேன்.