1952 கே-38 ரிவால்வர்: விலையை என்னையே சொல்லச் சொல்கிறார், என்ன சொல்வது?

ஏரிக்கரை:

ஒஹாயோவில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் போன அக்டோபரில் காலமானார். பதினோரு வருடப் பழக்கம். எனக்குக் குறிபார்த்துச் சுடக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஒற்றைக் கையை நீட்டி, 50 கஜத்தில், பத்து நிமிடத்துக்குள் பத்து குண்டு. நான் அவசரப்பட்டால் "கையை இறக்கு, மூச்சு விடு, மறுபடி தூக்கு" என்பார். ஈரி ஏரிக்கரையில் கேம்ப் பெர்ரியில் நடக்கும் தேசியப் போட்டிகளுக்குப் பல வருடம் போனவர்.

அவர் மனைவி போன வாரம் என்னைக் கூப்பிட்டு அவருடைய ரிவால்வரை மேசைமேல் வைத்தார். "இது உன்னிடம்தான் இருக்க வேண்டும். விலையை நீயே சொல், நீ சொல்வதை வாங்கிக்கொள்கிறேன்" என்றார். ஒரு துப்பாக்கிக் கடையில் விசாரித்தபோது 400 டாலர் தருவதாகச் சொன்னார்களாம். இணையத்தில் தேடினால் இதே ரகத்துக்கு ஒருவர் 1,400 போட்டிருக்கிறார், இன்னொருவர் 650.

குறைத்துச் சொன்னால் அந்த அம்மாவை ஏமாற்றியதாகும். கூட்டிச் சொன்னால் நான் இரக்கப்பட்டுத் தருவதாக நினைத்து வாங்க மறுத்துவிடுவார், அவர் சுபாவம் அப்படி. அவரிடம் காரணம் காட்டிச் சொல்லக்கூடிய ஒரு விலை வேண்டும்.

விவரம்: ஸ்மித் அண்ட் வெசன் கம்பெனி, .38 ஸ்பெஷல் தோட்டா, 6 அங்குலக் குழல், பின்பக்கம் திருகித் திருத்தும் குறிக்காட்டி. பிடியின் அடியில் 'கே' எழுத்தும் 15இல் தொடங்கும் ஆறு இலக்க எண்ணும். குழல் முனையில் ஒரு பக்கம் நீலப் பூச்சு தேய்ந்து வெள்ளை இரும்பு தெரிகிறது. தோட்டா போடும் சிலிண்டரைச் சுற்றி ஒரு கோடு. பெரிய மரப்பிடி போட்டிருக்கிறார், அது கம்பெனிப் பிடி இல்லை.

கருங்கல்:

விலைக்கு முன்னால் ஒரு விஷயம். ஒரே மாநிலத்தில் வசிக்கும் இருவருக்குள் தனியார் விற்பனை என்றால் ஒஹாயோவில் டீலர் (உரிமம் பெற்ற துப்பாக்கி வியாபாரி) வழியாகப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் டீலர் வழியாகவே போங்கள், இருவருக்கும் கையில் காகிதம் இருக்கும். சொத்து விவகாரம் முடிந்து அது அந்த அம்மாவின் உடைமையாகிவிட்டதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக: எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு இருந்தால் அந்தத் தடை இல்லை.

லேத்துக்காரன்:

தம்பி, நல்ல மனசோடு கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் வளர்ந்தவன் நான், பென்சில்வேனியா வந்து முப்பது வருடமாக இந்த ரகத்தைத்தான் சுடுகிறேன். இரண்டு வருடம் முன்பு ஒன்று 780 டாலருக்கு வாங்கினேன்.

உங்களிடம் இருப்பது கே-38 டார்கெட் மாஸ்டர்பீஸ். அந்த எண் 1952ஐ ஒட்டியது. 1957இல்தான் கம்பெனி மாடல் எண் கொடுக்க ஆரம்பித்தது, அதன்பின் இதற்குப் பெயர் மாடல் 14. உங்களுடையதில் எங்கும் மாடல் எண் இருக்காது, அது குறை இல்லை. திருகுகளை எண்ணுங்கள். உள் இயக்கத்தை மூடும் பக்கத் தகட்டில் நான்கு (ஒன்று மரப்பிடிக்குள் ஒளிந்திருக்கும்), ட்ரிக்கர் வளையத்துக்கு முன்னால் ஒன்று, மொத்தம் ஐந்து. 1955 வாக்கில் மேல் திருகை எடுத்துவிட்டார்கள், 1960களின் தொடக்கத்தில் முன் திருகையும். சேகரிப்பவர்கள் ஐந்து திருகுக்குத்தான் கூடுதல் காசு தருவார்கள்.

இணையத்தில் "பின் உண்டு, ரிசெஸ் உண்டு" என்று இந்த ரகத்துக்கும் விளம்பரம் போடுகிறார்கள். பின் என்பது குழலைப் பூட்டும் சிறு ஆணி, அது உண்டு, உண்மை. ஆனால் ரிசெஸ், அதாவது தோட்டாவின் விளிம்பு உள்ளே அமரும் சிலிண்டர், .22 தோட்டாவுக்கும் வீரியம் கூடிய மேக்னம் தோட்டாவுக்கும்தான். .38 ஸ்பெஷலுக்குக் கிடையாது. அதைச் சொல்லி விலை ஏற்றுபவருக்குப் பொருள் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

விலையை ஒரேயடியாகப் பாதியாக்குவது மறுபூச்சு. முனையில் நீலம் தேய்ந்திருக்கிறது என்று எழுதியதைப் படித்து எனக்குச் சந்தோஷம்தான், ஏனென்றால் அது தோல் உறையில் போய்வந்த தேய்மானம், அசல் பூச்சு என்பதற்குச் சாட்சி. பளபளவென்று இருந்திருந்தால்தான் பயந்திருப்பேன். நல்ல வெளிச்சத்தில் நான்கு இடம் பாருங்கள். எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா, கரைந்தது போல இருக்கிறதா. திருகு ஓட்டைகளின் விளிம்பு குழிந்து சாய்ந்திருக்கிறதா. பக்கத் தகடு துப்பாக்கியின் உடற்சட்டத்தோடு சேரும் கோடு மயிரிழையாக இருக்கிறதா. ஹேமரும் (தோட்டாவை அடிக்கும் சுத்தியல்) ட்ரிக்கரும் என்ன நிறம். அசலில் அவை இரண்டும் எண்ணெய் மிதக்கும் தண்ணீர் போலப் பல வண்ணம் கலந்து இருக்கும். அவையும் நீலமாக இருந்தால் யாரோ மொத்தமாகத் தொட்டியில் முக்கியிருக்கிறார்கள். பிடியடியில் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் ஒருமுறை கம்பெனிக்கே வேலைக்குப் போய்வந்தது என்று அர்த்தம்.

எண்களையும் பாருங்கள். அந்தக் காலத்தில் பிடியடியில் இருக்கும் எண்ணையே சிலிண்டரின் பின்முகத்திலும், குழலுக்கு அடியிலும், காலித் தோட்டாவைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டின் பின்னாலும் அடித்தார்கள். எல்லாம் ஒன்றாக இருந்தால் எதையும் மாற்றவில்லை.

இனி இயக்கம். சிலிண்டரைத் திறந்து ஆறு அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ளுங்கள், பிறகு மூடுங்கள். சிலிண்டர்மேல் ஒரு விரலை லேசாக வைத்து இழுவை கொடுத்துக்கொண்டே ஹேமரை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். ஹேமர் முழுதாக நிற்பதற்குள் சிலிண்டர் 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள், ஐந்து சரியாக இருந்து ஆறாவது ஏமாற்றும். ஹேமர் பின்னால் நிற்கும்போது கட்டைவிரலால் முன்னே தள்ளிப் பாருங்கள், விழவே கூடாது. அடுத்து ஃபீலர் கேஜ், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள். சிலிண்டர் முகத்துக்கும் குழலுக்கும் நடுவே 0.004 முதல் 0.006 அங்குலம் என்றால் நல்ல நிலை. 0.010ஐத் தாண்டினால் விலையை நன்றாகக் குறைக்க வேண்டும்.

பெரியவர் போட்டிக்காரர், அதனால் அநேகமாக 148 கிரெய்ன் எடையுள்ள வாட்கட்டர்தான் சுட்டிருப்பார். அது மெதுவான தோட்டா. ஆயிரக்கணக்கில் சுட்டிருந்தாலும் இரும்பு அதிகம் நோகாது.

விலை: போட்டிருக்கும் விலையைப் பார்க்காதீர்கள், ஏலம் முடிந்து கைமாறிய விலையைப் பாருங்கள். 1,400 என்று ஒரு வருடம் தொங்கிக்கொண்டிருப்பது விலையே இல்லை. நான் குறித்து வைத்திருப்பவற்றில் பெட்டியோடு புதிது போன்றவை 1,200ஐத் தாண்டின. உறைத் தேய்மானத்தோடு இயக்கம் சரியாக இருந்தவை 750 முதல் 900 வரை. மறுபூச்சு என்றால் 500 பக்கம். உங்களுடையதைப் பார்க்காமலே 850 என்று வைத்துக்கொண்டு, சோதித்ததில் கிடைப்பதைக் கூட்டிக் கழியுங்கள்.

அசல் மரப்பிடியைத் தேடச் சொல்லுங்கள். 1968 வரை திருகு ஓட்டையைச் சுற்றி வைர வடிவம் விட்டுச் செதுக்கியிருப்பார்கள். வலப்பக்கப் பிடியின் உட்புறத்தில் துப்பாக்கியின் எண் இருக்கும். அது தனியாகவே காசு பெறும்.

தூரக்குறி:

லேத்துக்காரர் அண்ணன் சொன்ன சோதனை எல்லாம் சரி. 850 என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அது ஏலத்தில் வாங்குபவர் கொடுக்கும் விலை. அந்த அம்மா அதைக் கடையில் விற்கக் கொடுத்தால் 15, 20 சதவீதம் கழிவு போய்க் கையில் 700 பக்கம்தான் வரும். இங்கே கழிவும் இல்லை, அனுப்பும் செலவும் இல்லை. அந்த மிச்சத்தை இருவரும் பங்கிட்டுக்கொள்வதுதான் நியாயம். 700க்கும் 850க்கும் நடுவில் சொல்லுங்கள். கடைக்காரர் 400 சொன்னதையும் திருட்டு என்று நினைக்க வேண்டாம், அவர் வாடகை கொடுத்து, வாங்கிவைத்துக் காத்திருந்து விற்க வேண்டியவர்.

இன்னொன்று. அவர் கையில் இருந்தது என்பதற்கு உங்கள் மனதில் இருக்கும் மதிப்பை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் தொகைக்கு முடிவே இருக்காது.

ஏரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு மதியம் முழுக்க அந்த அம்மாவின் சமையலறை மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

எண்கள் நான்கு இடத்திலும் ஒன்றே. நட்சத்திரக் குறி இல்லை. ஹேமரில் வண்ணங்கள் அப்படியே இருக்கின்றன, எண்ணெய் மிதக்கும் தண்ணீர் என்றது அச்சாகப் பொருந்துகிறது. இடைவெளியில் 0.006 தகடு நுழைந்தது, 0.007 நுழையவில்லை. ஹேமர் தள்ளினால் விழவில்லை. ஆனால் அண்ணா, நீங்கள் சொன்னதுபோலவே ஐந்து அறை சரி, ஒன்றில் மெதுவாக இழுத்தால் பூட்டவில்லை. வழக்கமான வேகத்தில் இழுத்தால் பூட்டுகிறது.

அசல் பிடி நிலவறையில் ஒரு காபி டப்பாவுக்குள் கிடைத்தது, கூடவே சின்னத் திருப்புளியும். வைரம் இருக்கிறது. உள்ளே எண் பொருந்துகிறது. பெட்டி இல்லை.

நடுவிலையாக 775 வைத்தேன். பிடிக்கு 100 கூட்டினேன். அந்த ஒரு அறையைச் சரிசெய்ய உள்ளூர் துப்பாக்கி மெக்கானிக் 75 முதல் 100 வரை ஆகும் என்றார், 75 கழித்தேன். 800. ஒரு தாளில் வரிவரியாக எழுதிக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "அவரும் இப்படித்தான் எல்லாவற்றையும் எழுதி வைப்பார்" என்று சொல்லி, அந்தத் தாளைத் தனக்கு வேண்டும் என்று வாங்கிக்கொண்டார். சனிக்கிழமை டீலரிடம் போகிறோம்.

ஒரு சந்தேகம். பிடியைக் கழற்றியபோது சட்டத்தின் முன்விளிம்பில், கீழ்ப்பக்கம், ஒரு திருகு ஒன்றரைச் சுற்று வெளியே இருந்தது. அப்படியே விடலாமா?

லேத்துக்காரன்:

800 சரியான விலை தம்பி. நானாக இருந்தாலும் அதைத்தான் கொடுத்திருப்பேன்.

அந்தத் திருகு பெரிய ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிப்பது. ட்ரிக்கரை இலகுவாக்க அதைத் தளர்த்துவது போட்டிக்காரர்களின் பழைய வழக்கம். கம்பெனி வைத்தபடி அது முழுக்க இறுகி இருக்க வேண்டும், இல்லையென்றால் சில தோட்டா வெடிக்காது. பொருத்தமான திருப்புளி கொண்டு இறுக்குங்கள், வாய் அகலம் சரியில்லாத திருப்புளி திருகின் தலையைத் தின்றுவிடும். பக்கத் தகட்டை நீங்கள் திறக்க வேண்டாம், நெம்பினால் அந்த மயிரிழைக் கோடு போய்விடும். அந்த ஒரு அறை வேலையை மெக்கானிக்கிடமே விடுங்கள், சிலிண்டரைச் சுழற்றும் 'ஹேண்ட்' தேய்ந்திருக்கும்.

சிலிண்டரின் முன்முகத்தில் கரிவளையம் இருந்தால் ஈயம் எடுக்கும் மஞ்சள் துணியால் தேய்க்காதீர்கள், நீலப் பூச்சையும் சேர்த்து எடுத்துவிடும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் போதும். அசல் பிடியைக் காபி டப்பாவில் திரும்பப் போடாமல் துணியில் சுற்றி வையுங்கள். சுடும்போது அவருடைய பெரிய பிடியையே போட்டுக்கொள்ளுங்கள்.