ஆராதனையும் தேவனுடைய அதிகாரத்துக்குக் கீழ்ப்படிதலும்

கேள்வி:
ஞாயிறு ஆராதனையில் கைகளை உயர்த்தி "நீரே ராஜா" என்று பாடுகிற நாம், வாரநாட்களின் முடிவுகளை அவரிடம் கேளாமலே எடுத்தால், அந்தத் துதியை அவர் ஏற்பாரா? வேத வசனத்தோடு விளக்கும்படி வேண்டுகிறேன்.

பதில் 1:
சகோதரரே, 1 சாமுவேல் 15-ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். அமலேக்கியருக்கு உள்ளதையெல்லாம் அழிக்கும்படி கர்த்தர் கட்டளையிட்டிருந்தும், அவர்களின் ஆடுமாடுகளில் நலமானவற்றைத் தப்பவைத்த இஸ்ரவேலின் ராஜா சவுல், அவை கர்த்தருக்குப் பலியிடுவதற்காகவே என்று தீர்க்கதரிசி சாமுவேலிடம் சாதிக்கிறான். பலியைவிடக் கீழ்ப்படிதலே உத்தமம் என்ற பதிலைக் கேட்டதோடு, ராஜ்யபாரத்திலிருந்தும் தள்ளப்படுகிறான். பலிக்கென்று காட்டிய மந்தையே கீழ்ப்படியாமையின் சாட்சியாக அங்கே கத்திக்கொண்டிருந்தது.

பதில் 2:
சவுலோடு நிறுத்தினால் ஆராதனைக்கு வரவே அஞ்சுவோம். ரோமர் நிருபத்தில் பவுல், தேவனுடைய இரக்கத்தைப் பதினொரு அதிகாரங்களில் விவரித்த பிறகே, சரீரத்தை ஜீவபலியாக ஒப்புக்கொடுக்கும்படி 12:1-இல் வேண்டுகிறார். இந்த வரிசையை மாற்றினால் கீழ்ப்படிதல் வெறும் சுமையாகிவிடும் என்பது என் கருத்து.

பதில் 3:
நடைமுறைக்கு மத்தேயு 5:23-24 போதும்: நம்மேல் மனத்தாங்கல் உள்ளவரிடம் முதலில் போய் ஒப்புரவாக வேண்டும், காணிக்கை பலிபீடத்தின் முன்னே காத்திருக்கட்டும். (பாடுவதைவிட இது கடினம்தான்.) மேலும், சபைத் தலைவர் சொல்வதெல்லாம் தேவனுடைய அதிகாரம் ஆகிவிடாது, இயேசுவின் நாமத்தில் போதிக்கக்கூடாது என்று யூத ஆலோசனைச் சங்கம் விதித்த தடையை அப்போஸ்தலர் மறுத்ததை அப்போஸ்தலர் 5:29-இல் காணலாம்.