ஒரே சம்பவத்துக்கு மூன்று தேதி: காலவரிசையில் எதைப் போடுவது?

கேள்வி:
இங்கிலாந்து, உதுமானியப் பேரரசு, ஜப்பான், தென்னிந்தியா நான்கையும் ஒரே காலவரிசை அட்டவணையில் அடுக்க வேண்டும். முதல் வரியிலேயே சிக்கல். மன்னர் முதலாம் சார்லஸ் தலை வெட்டப்பட்ட நாள் ஓரிடத்தில் 1648 ஜனவரி 30, இன்னோரிடத்தில் 1649 ஜனவரி 30, மற்றோரிடத்தில் 1649 பிப்ரவரி 9. எது சரி? ஹிஜ்ரி (இஸ்லாமிய), சக (பழைய இந்திய) ஆண்டுகளை எப்படி மாற்றுவது?

பதில் 1:
மூன்றும் ஒரே நாள்தான். அன்றைய இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25இல்தான் பிறக்கும். அதனால் ஜனவரியில் இன்னும் 1648. ஆண்டுப் பிறப்பை மட்டும் ஜனவரி 1க்கு நகர்த்தினால் 1649. அன்று அங்கே புழங்கிய பழைய ஜூலியன் நாட்காட்டியின் தேதியை, இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியனாக்கினால் 10 நாள் கூடி பிப்ரவரி 9.

இந்த 10 நிலையானதல்ல. கிரிகோரியன் நடைமுறைக்கு வந்த 1582இல் அக்டோபர் 4க்கு மறுநாள் 15 ஆனது. நூற்றாண்டு முடியும் ஆண்டுகளில் 400ஆல் வகுபடாதவை கிரிகோரியனில் லீப் ஆண்டு ஆகாது. ஆகவே வித்தியாசம் 1700 பிப்ரவரி இறுதியில் 11, 1800இல் 12, 1900இல் 13 என ஏறியது. நாடும் முக்கியம்: இங்கிலாந்து 1752 செப்டம்பரில் மாறியது, ரஷ்யா 1918 பிப்ரவரியில். 'அக்டோபர் புரட்சி' நவம்பர் 7இல் விழுவது இதனால்தான்.

அட்டவணையில் மூன்று பத்தி வையுங்கள்: மூலத்தில் உள்ள தேதி, எந்த நாட்காட்டி, மாற்றிய தேதி. முதல் பத்தியைத் திருத்தவே கூடாது. அதை அழித்துவிட்டால் பிழை எங்கே நுழைந்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

பதில் 2:
ஹிஜ்ரிக்கு 622ஐக் கூட்டினால் போதும் என்பது பரவலான தவறு. அந்த ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்தான். 0.97ஆல் பெருக்கிவிட்டு 622ஐக் கூட்டுங்கள். கான்ஸ்டான்டினோபிள் வீழ்ந்தது ஹிஜ்ரி 857: 831.3 + 622, அதாவது 1453. நேராகக் கூட்டினால் 1479 வரும், 26 ஆண்டு பிழை. விடை ஓராண்டு முன்பின்னாகலாம். மாதம் தெரிந்தால் உறுதி செய்துகொள்ளுங்கள்.

நாள் கணக்கில் பிறை பார்ப்பதால் ஒரு நாள் தள்ளிப்போகும். அங்கே நாளும் சூரியன் மறைந்ததும் தொடங்கிவிடும். கிழமைதான் நல்ல சோதனை. அந்நகரம் வீழ்ந்த மே 29 செவ்வாய்க்கிழமை. உங்கள் மென்பொருள் ஞாயிறு என்று காட்டினால், கிரிகோரியனை 1582க்கு முன்னாலும் நீட்டிக் கணக்கிடுகிறது என்று பொருள்.

பதில் 3:
சக ஆண்டுக்கு 78 கூட்டுங்கள். ஜனவரி முதல் சித்திரைப் பிறப்புக்கு முன்பு வரையான நாளானால் 79. கலி ஆண்டில் 3101ஐக் கழியுங்கள். இரண்டாம் புலிகேசியின் அய்ஹொளே கல்வெட்டு இரண்டையும் தருகிறது: சகம் 556, கலி 3735. இரண்டு வழியிலும் 634 வருகிறது, ஒன்றுக்கொன்று சாட்சி. ஆனால் இவை கடந்துபோன, அதாவது முழுதாக முடிந்த, ஆண்டுகளின் எண்ணிக்கை. நடப்பு ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டில் இதே கணக்கைப் போட்டால் ஓராண்டு பிசகும்.

ஆட்சியாண்டைப் பட்டமேறிய ஆண்டோடு கூட்டும்போது ஒன்றைக் கழிக்க மறக்காதீர்கள். முதலாம் இராசராசன் 985இல் பட்டமேறினான். 29ஆம் ஆட்சியாண்டு தொடங்குவது 1013இல், 1014இல் அல்ல.

ஜப்பானில் கவனம் தேவை. தலைவனுக்காகப் பழிவாங்கிய 47 சாமுராய்களின் தாக்குதல், கென்ரோகு என்ற சகாப்தத்தின் 15ஆம் ஆண்டு, 12ஆம் மாதம் 14ஆம் நாள். அதை அப்படியே 1702 டிசம்பர் 14 என்று போடுகிறார்கள். அது சந்திர மாதம். உண்மையில் 1703 ஜனவரி 30.

கேட்டவர்:
எக்செலில் 1649ஐத் தேதியாகப் போட்டால் வரிசைப்படுத்த முடியவில்லை.

பதில் 1:
எக்செலின் வழக்கமான தேதிக் கணக்கு 1900இல்தான் தொடங்குகிறது. பழைய தேதியை வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனி எண்ணாக வைத்து, அந்த ஒழுங்கில் வரிசைப்படுத்துங்கள். கி.மு. ஆண்டுக்குக் கழித்தல் குறி போடும்போது ஒன்றைக் குறையுங்கள்: கி.மு. 44 என்பது -43. கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1, நடுவில் பூஜ்ஜியம் கிடையாது. கி.மு. 44இல் நடந்த சீசர் கொலையிலிருந்து கி.பி. 14இல் அகஸ்டஸ் இறந்தது வரை 58 அல்ல, 57 ஆண்டு.