தலைப்பிரட்டைகள் என்ன தின்கின்றன? மும்பையில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

செம்பூரிலிருந்து:

சென்ற ஜூலையில் மொட்டைமாடித் தொட்டியின் விளிம்பில், இட்லி மாவு பொங்கி வழிந்ததுபோல ஒரு நுரைக்கட்டி. சோப்பு நுரை என்று நினைத்துத் துடைக்கப் போனேன். அருகே சுவரில் சுண்ணாம்பு நிறத்தில் ஒரு தேரை ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டேன். நம் ஊரில் தேங்காயைக் கெடுக்கும் என்று பழி சுமக்கும் அதே மரத்தவளைதான். பெண் தவளை பின்னங்கால்களால் அடித்து அடித்து உண்டாக்கும் நுரை அது. முட்டைகள் உள்ளே காயாமல் இருக்கும். சில நாளில் நுரை இளக, குஞ்சுகள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விழுந்தன.

பிறகு தினமும் காப்பியோடு அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். தொட்டிச் சுவரின் பாசியில் வாயை வைத்து, கீழிருந்து மேலாகச் சுரண்டிக்கொண்டே போகும். போன இடத்தில் வெளிறிய கோடு விழும். கண்ணாடிக் குவளையில் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். வாயில் கறுத்த சிறு அலகு, அதைச் சுற்றி வரிசை வரிசையாக அரம்போன்ற பற்கள். வயிற்றுத் தோலுக்குள் குடல் முறுக்குச் சுற்றியதுபோலத் தெரிந்தது. பாசி செரிக்க அவ்வளவு நீளம் வேண்டும். சில சமயம் மல்லாந்து, நீர்ப்பரப்பில் படிந்த தூசியையும் உறிஞ்சும்.

முலுண்டிலிருந்து:

பாசியோடு நிற்காது. ஆகஸ்டில் மாமியாருடன் கன்னேரிக் குகைகளுக்குப் போயிருந்தேன். பாறையில் குடைந்த நீர்த்தொட்டி ஒன்றில் செத்த தலைப்பிரட்டையைச் சுற்றி ஏழெட்டு மொய்த்திருந்தன. வாலை முதலில் கொறித்தன, பிறகு வயிறு. அரைமணி நேரத்தில் ஒரு கந்தல்தான் மிச்சம். “சைவம் என்றல்லவா சொன்னீர்கள், மாப்பிள்ளை?” என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

தாணேயிலிருந்து:

நான் வேகவைத்த கீரை போட்டு வளர்த்தேன், நன்றாகத் தின்றன. முன்னங்கால் முளைத்ததும் ஒன்றும் தொடவில்லை. பதறிப்போய்ச் சோற்றைப் போட்டேன். மறுநாள் தண்ணீர் நாறி, நான்கு செத்துவிட்டன. பூச்சி பிடிக்கும் வாயாக அது மாறிக்கொண்டிருக்கும் நேரமாம். அப்போது சுருங்கும் வாலே ஆகாரம். அந்தச் சமயத்தில் கீரை வேண்டாம், ஏறி வர ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள்; இல்லாவிட்டால் மூழ்கிவிடும்.

செம்பூரிலிருந்து மறுபடியும்:

குச்சி வைத்துவிட்டேன். இன்று காலை அதன் நுனியில், பாதி வாலோடு ஒன்று உட்கார்ந்திருக்கிறது.