எம்.பி.ஏ.வுக்கு முன்னால் 'எ' வருமா, 'ஆன்' வருமா? விண்ணப்பக் கடிதத்துக்கு உதவி வேண்டும்

கேள்வி:
வணக்கம். வேலைக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பக் கடிதம் எழுதுகிறேன், நாளைக்குள் அனுப்ப வேண்டும். 'ஐ ஆம் எ எம்.பி.ஏ. கிராஜுவேட்' என்று அடித்தால் கணினி கோடு போடுகிறது. 'எம்' மெய்யெழுத்துதானே? 'ஆன் யுனிவர்சிட்டி'க்கும் கோடு. 'யு' உயிரெழுத்து இல்லையா? அப்புறம், 'ஐ ஹேவ் ஆன் எக்ஸ்பீரியன்ஸ் ஆஃப் ஃபைவ் இயர்ஸ்' சரியா? பள்ளியில் ஏ, ஈ, ஐ, ஓ, யு என்று மனப்பாடம் செய்ததோடு சரி.

பதில் 1:
எழுத்தைப் பார்க்காதீர்கள், ஓசையைக் கேளுங்கள். வார்த்தையை ஒலிக்கிறபடி தமிழில் எழுதுங்கள். முதல் எழுத்து உயிராக இருந்தால் 'ஆன்', உயிர்மெய்யாக இருந்தால் 'எ'. எம்.பி.ஏ. 'எ' என்ற உயிரெழுத்தில் தொடங்குகிறது, அதனால் 'ஆன் எம்.பி.ஏ.' அதையே விரித்துச் சொன்னால் 'எ மாஸ்டர்ஸ் டிகிரி', ஏனென்றால் அது 'மா'. யுனிவர்சிட்டி 'யு', அதனால் 'எ'. எஃப்.ஐ.ஆருக்கு 'ஆன்'. ஓர் ஊர், ஒரு நாள் என்று நாம் எழுதுவதும் இதே கணக்குதான்.

பதில் 2:
நல்ல வழிதான், ஆனால் நம் உச்சரிப்பு காலை வாரும். 'இயர்' என்று சொல்லிப் பழகியதால் 'ஆன் இயர்' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அது 'யியர்', ஆகவே 'எ'. 'எல்லோ'வும் உண்மையில் 'யெல்லோ'. 'ஒன்' என்பது 'வன்', அதனால் 'எ ஒன் ருப்பி காயின்'. 'ஹானஸ்ட்' என்று சிலர் சொல்வார்கள், அதில் 'ஹ' ஒலிக்காது. 'ஆன்' போடுங்கள்.

கேட்டவர்:
இவ்வளவு எளிதாக யாரும் சொல்லித் தரவில்லை, நன்றி. எக்ஸ்பீரியன்ஸ்? 'தி' எங்கே போடுவது என்பதும் குழப்பம். குன்னூரில் ஒரு டீ ஃபாக்டரியில் வேலை பார்த்தேன், அதை எழுத வேண்டும்.

பதில் 1:
வேலை அனுபவத்தை ஆங்கிலத்தில் எண்ணுவதில்லை, 'ஆன்' வேண்டாம். 'ஐ ஹேவ் ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்' போதும்.

'தி'க்கு 'அந்த'வைத் தேடினால் பாதி இடத்தில் கிடைக்காது. வேற்றுமை உருபைப் பாருங்கள். 'புத்தகம் வாங்கினேன்' என்றால் ஏதோ ஒரு புத்தகம், அதாவது 'எ புக்'. 'புத்தகத்தை வாங்கினேன்' என்றால் எது என்று கேட்பவருக்கும் தெரியும், அது 'தி புக்'. 'கதவைச் சாத்து' என்பதில் 'அந்த' இல்லை, ஆனால் 'க்ளோஸ் தி டோர்'தான். உங்கள் கடிதத்தில் முதல்முறை 'எ டீ ஃபாக்டரி', அடுத்த வரியிலிருந்து 'தி ஃபாக்டரி'.

பதில் 2:
ஊர்ப் பெயருக்கு 'தி' கிடையாது. மலைத்தொடருக்கும் ஆற்றுக்கும் உண்டு: 'குன்னூர் இன் தி நீல்கிரிஸ்', 'தி காவேரி'. தனிச் சிகரம் என்றால் வெறும் 'தொட்டபெட்டா'.

கேட்டவர்:
திருத்திவிட்டேன், கோடு எதுவும் இல்லை. இன்று இரவே அனுப்பிவிடுகிறேன்.