ரொம்ப வருஷமாகக் கேட்ட பேச்சு ரேடியோவை இப்போது நானே அணைக்கிறேன், உங்களில் யாருக்காவது இப்படி ஆனதுண்டா?

தையல்கடை_மதுரை:

எல்லாருக்கும் வணக்கம். எந்த நிலையம் என்று பேர் சொல்லப்போவதில்லை. கேட்கிறவர்களுக்கு ஒருவேளை புரியலாம், புரிந்தாலும் இங்கே எழுத வேண்டாம், அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகளோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

புதுமண்டபத்தில் மிஷின் போட்டிருந்த காலத்திலிருந்தே என் பக்கத்தில் ரேடியோ ஓடும். கடைகளை எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியபோது நூல்கண்டு பெட்டிக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்தது ரேடியோதான். தையல்காரனுக்குக் கண்ணும் கையும் துணியோடு போய்விடும், காது மட்டும் சும்மா கிடக்கும். அதனால் எனக்குப் பாட்டு இரண்டாம்பட்சம், பேச்சுதான் வேண்டும். பாட்டு என்றால் மனசு அதோடு ஓடிவிடும், பேச்சு என்றால் கூட ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்.

அந்த நிலையத்தில் காலையில் ஒரு நிகழ்ச்சி, நேயர்கள் போன் பண்ணிப் பேசுவது. முன்பெல்லாம் பேசுகிறவர் தடுமாறினாலும் பொறுமையாகக் காத்திருப்பார்கள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மாட்டுக்கு வந்த கோமாரியைப் பற்றி மூச்சு வாங்க வாங்கப் பேசினார், தொகுப்பாளர் "ம்... சொல்லுங்கய்யா" என்பதைத் தவிர வாயே திறக்கவில்லை. கையில் இருந்த காலரைத் தைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். போன வாரம் அதே நேரத்தில் திருமங்கலத்துக்காரர் ஒருவர் மிளகாய்ச் செடியில் இலை சுருட்டிக்கொள்கிறது என்று ஆரம்பித்தார். ஆரம்பித்ததுதான் தாமதம், "சூப்பர்ண்ணா, செம காரமான ஆளா இருப்பீங்க போலயே, உங்களுக்குப் பிடிச்ச ஹீரோ யாரு?" என்று கேட்டு, ஒரு சிரிப்புச் சத்தத்தைப் போட்டு, விளம்பரத்துக்குப் போய்விட்டார்கள். அந்த மனுஷன் போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்புறம் என்ன செய்திருப்பார் என்றுதான் எனக்கு யோசனை.

சித்திரை மாசம் இன்னொன்று. அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்குச் சல்லடம், உருமால் எல்லாம் தைக்கிற நேரம், எங்களுக்குத் தூக்கமே இருக்காது. வெளியே யானைக்கல்லில் வண்டி ஒன்றும் நகரவில்லை, ரேடியோவில் ஒரு பெண் உற்சாகமாகச் சொல்கிறது, சென்னை கத்திப்பாராவில் நெரிசல், பார்த்துப் போங்கள் என்று. கடைப் பையன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோபம் என்று சொல்ல முடியாது. கல்யாண வீட்டில் சபை நடுவே சொந்த மாமா உளறும்போது நாம் தலையைக் குனிந்துகொள்வோமே, அந்தக் கூச்சம். அதனால் இப்போது அந்த நிகழ்ச்சி வந்தால் அணைத்துவிடுகிறேன். அணைத்தால் கடை வெறிச்சென்று இருக்கிறது, போட்டால் எரிச்சல். நிலையம் மாறிவிட்டதா, எனக்கு வயசாகிவிட்டதா? நீங்கள் யாராவது இப்படி ஒன்றை விட்டீர்களா, விட்டபிறகு அந்த நேரத்தில் என்ன கேட்கிறீர்கள்?

முன்னாள்_அறிவிப்பாளர்:

அண்ணே, சில வருஷம் மைக் முன்னால் உட்கார்ந்தவன் என்கிற முறையில் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். நானும் எந்த இடம் என்று சொல்லவில்லை.

கத்திப்பாரா விஷயம் சுலபம். ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனியாக ஆள் வைத்தால் சம்பளம் கட்டுபடியாகாது என்று ஒரே ஊரில் நிகழ்ச்சியைச் செய்து பல ஊருக்கு அனுப்புவார்கள். இன்னொரு வழியும் உண்டு. பேச வேண்டியதை எல்லாம் முன்னாடியே மொத்தமாகப் பேசிப் பதிவு செய்துவிட்டால் கம்ப்யூட்டர் பாட்டுக்கு நடுவில் செருகிக்கொள்ளும், நாலு மணி நேர நிகழ்ச்சியை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். நீங்கள் கேட்ட பெண் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டுகூட இருந்திருக்கும். நேயர் அழைப்பும் அப்படித்தான், பல இடங்களில் நேரடி கிடையாது, பேசி வைத்ததை வெட்டி ஒட்டித்தான் போடுவோம். திருமங்கலத்துக்காரர் மிளகாயைப் பற்றி இன்னும் நிறையப் பேசியிருக்கலாம், வெட்டுப்பட்டிருக்கும்.

ஏன் எப்போது பார்த்தாலும் சினிமா, கிண்டல் என்றால், அதற்கும் காரணம் இருக்கிறது. தனியார் எஃப்.எம்.களுக்குச் சொந்தமாகச் செய்தி சொல்ல அனுமதி இல்லை. ஆகாசவாணிச் செய்தியை ஒரு வரி மாற்றாமல் அப்படியே எடுத்துப் போடலாம், மற்றபடி போக்குவரத்து, வானிலை, தண்ணீர் வராது, கரண்ட் இருக்காது, பரீட்சை முடிவு இந்த மாதிரி அறிவிப்புகள்தான். ஊர்ப் பிரச்சினையைப் பேச ஆரம்பித்தால் எந்த இடத்தில் அது செய்தி ஆகிறது என்று மேலே இருப்பவர்களுக்கு ஒரே பயம். பயம் இல்லாத சப்ஜெக்ட் சினிமா. அதோடு எங்களுக்கு ஓர் உத்தரவு இருந்தது, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் அரை நிமிஷத்துக்கு மேல் பேசாதே, ஆள் ஸ்டேஷன் மாற்றிவிடுவான் என்று.

எங்களிடம் முதலில் ஒரு நீள நோட்டு இருக்கும். யார் போன் செய்தார், எந்த ஊர், போன முறை என்ன பேசினார் என்று அதில் எழுதி வைப்போம். அதைப் பார்த்துத்தான் "என்னம்மா, பேத்திக்கு மொட்டை போட்டாச்சா?" என்று கேட்போம், அந்தப் பக்கம் குரலே மாறிவிடும். பின்னால் வந்த மேனேஜர் அந்த நோட்டை எதற்கு என்று கேட்டார். அவருக்குச் சொல்லிப் புரியவைக்க எங்களுக்குத் தெரியவில்லை. நான் கொஞ்ச நாளில் கிளம்பிவிட்டேன், இப்போது கல்யாண வீடுகளில் தொகுத்து வழங்குகிறேன், காசு இதில் அதிகம்.

அதனால் நிலையம்தான் மாறியது என்பேன். குரல் கொடுக்கிற பிள்ளைகளை மட்டும் திட்டாதீர்கள்.

மேலூர்_ஒருபோகம்:

அண்ணே, கோவிச்சுக்காமல் கேளுங்கள், எனக்கு அந்தப் பழைய காலத்தின் மேல் உங்கள் அளவுக்குப் பாசம் இல்லை.

நானும் சின்ன வயசிலிருந்து கேட்கிறவள்தான். அன்றைக்கு நேயர் கடிதம் வாசிப்பார்கள். யார் கடிதம்? அதே பத்துப் பேர். நேயர் மன்றம் என்று ரப்பர் ஸ்டாம்பு வைத்துக்கொண்டு வாரா வாரம் எழுதுகிற ஆண்கள். பெண்களுக்கு என்று ஒரு நேரம் ஒதுக்குவார்கள், அதில் ஊறுகாய், கோலம், பிள்ளை வளர்ப்பு. நான் ஐம்பது காசு கார்டில் ஒருமுறை எழுதினேன், நாற்று நடுகிற வேலையில் ஆணுக்கு ஒரு கூலி பெண்ணுக்கு ஒரு கூலி ஏன் என்று யாராவது அதிகாரியைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று. மரியாதைக்கு மேலே இரண்டு வரி நிகழ்ச்சியைப் பாராட்டி எழுதியிருந்தேன். ரேடியோவில் என் பெயரைச் சொன்னார்கள், வீடே கூடி நின்றது, அந்தப் பாராட்டு இரண்டு வரியை வாசித்தார்கள், "நன்றி சகோதரி" என்றார்கள், அடுத்த கடிதத்துக்குப் போய்விட்டார்கள். கேள்வியைக் காணோம்.

போன வருஷம் எங்கள் ஸ்டாப்பில் சாயங்காலம் பஸ் நிற்காமல் போவதைப் பற்றிப் போனில் பேசினேன், ஒரு நிமிஷம்கூட இருக்காது, நடுவில் அந்தப் பையன் ஏதோ ஜோக்கும் அடித்தான். ஆனால் பேசியது முழுசாக வந்தது. உங்கள் பெரியவருக்குக் காத்திருந்தார்கள், சரி. எனக்கு அன்றைக்கு யாரும் காத்திருக்கவில்லையே.

மற்றபடி நான் விடமாட்டேன். நாங்கள் ஒருபோகப் பகுதி, வருஷத்துக்கு ஒரு விளைச்சல்தான். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகத்துக்குத் தண்ணீர் விட்டபிறகு மிச்சம் இருந்தால்தான் எங்கள் பக்கம் மதகு திறப்பார்கள். காலையில் பெரியாறு இத்தனை அடி, வைகை இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கன அடி என்று சொல்வதைக் கேட்காமல் எங்கள் வீட்டில் காபி இறங்காது. மிச்ச நேரம் என்ன உளறினாலும் எனக்குக் கவலையில்லை.

கைபேசி_போதும்:

இங்கே என் வயசுக்காரர்கள் யாரும் இல்லை போல. அண்ணே, பாட்காஸ்ட் கேளுங்கள். தமிழிலேயே நிறைய இருக்கிறது, வரலாறு, கிரிக்கெட், பேய்க்கதை, எது வேண்டுமானாலும். யாரும் வெட்டமாட்டார்கள். சில பேர் இரண்டு மணி நேரம் பேசுகிறார்கள், அவர்களையாவது யாராவது வெட்டினால் தேவலை.

சோழவந்தான்_வாத்தியார்:

பணி ஓய்வு பெற்ற ஆசிரியன், ரேடியோப் பைத்தியம். மேலூர் அம்மா சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன், பாதியை இல்லை.

மதுரைக்கு வானொலி நிலையம் வந்ததே 1987-ல்தான். அதுவரை நமக்குத் திருச்சியும் திருநெல்வேலியும், ராத்திரியானால் கொழும்பு. பிறகு கோடைப் பண்பலை வந்தது, மலை மேலிருந்து அடிப்பதால் தேனி, திண்டுக்கல், மதுரை என்று எங்கே திருப்பினாலும் கணீரென்று விழுந்தது. திருச்சி நிலையத்தின் விவசாய ஒலிபரப்பு கேட்டுவிட்டு 1960-களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி. 27 என்ற ரகத்தை ஊர் ஊராகப் போட்டார்கள், அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர் வந்துவிட்டது. ஒரு பேச்சு வானொலி என்ன செய்யமுடியும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? திருநெல்வேலியில் அந்த விவசாய ஒலிபரப்பிலிருந்து வந்தவர்தான் தென்கச்சி கோ. சுவாமிநாதன். "இன்று ஒரு தகவல்" கேட்டவர்களுக்குத் தெரியும், அவர் யாருக்கும் உபதேசம் பண்ணுவதாகவே தோன்றாது, திண்ணையில் உட்கார்ந்து பேசுவார், கடைசியில் ஒரு சிரிப்புக் கதை, சிரித்து முடிப்பதற்குள் போய்விடுவார். 2009-ல் காலமானார். கூலியைப் பற்றிக் கேட்ட கார்டைப் படிக்காமல் விட்டது தப்புதான் அம்மா, அதற்காக அந்தக் காலத்துப் பேச்சு முழுவதையும் ஊறுகாய் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

தம்பி தையல்கடை, நீங்கள் கேட்ட "விட்டீர்களா" என்பதற்கு வருகிறேன். எனக்கு பி.பி.சி. தமிழோசை. ராத்திரி 9.15 ஆனால் வீட்டில் யாரும் என்னிடம் பேசக்கூடாது. சிற்றலை என்பதால் ஒருநாள் தெளிவாக விழும், ஒருநாள் கரகரவென்று கடல் மாதிரி ஏறி இறங்கும், ஏரியலை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு ஊசி முனை அளவு முள்ளைத் திருப்பிக்கொண்டிருப்பேன். 1941-ல் ஆரம்பித்த ஒலிபரப்பு, 2017 ஏப்ரல் 30-ஆம் தேதி நிறுத்திவிட்டார்கள். இணையத்தில் எல்லாம் இருக்கிறது என்று பையன் போனில் எடுத்துக் காட்டினான். இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. ஆனால் 9.15-க்கு அது என்னைக் கூப்பிடுவதில்லை, நான்தான் போய்த் தேட வேண்டியிருக்கிறது. கொஞ்ச நாள் அந்த நேரத்துக்குச் சும்மா உட்கார்ந்திருந்தேன், அப்புறம் பழகிப்போயிற்று, இப்போது ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிறேன். இப்படிச் சாதாரணமாகப் பழகிப்போனதில்தான் எனக்கு வருத்தம்.

உங்களுடையது வேறு. என்னுடையது நின்றுபோனது, உங்களுடையது ஓடிக்கொண்டே மாறியது. அதுதான் கஷ்டம், நின்றதற்கு அழுது முடித்துவிடலாம்.

ஒரு யோசனை. அந்த நிகழ்ச்சி நேரத்தில் மட்டும் எஃப்.எம்.மிலிருந்து மத்திய அலைக்கு (மீடியம் வேவ்) மாற்றுங்கள், ஆகாசவாணி மதுரை 1269 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறது. கடையில் எல்.இ.டி. பல்பும் செல்போன் சார்ஜரும் பக்கத்தில் இருந்தால் உர்ரென்று இரைச்சல் வரும், செட்டைத் தள்ளி வைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் ஆகாசவாணியின் நியூஸ்ஆன்ஏர் செயலியில் எல்லா ஊர் நிலையமும் வருகிறது.

தையல்கடை_மதுரை:

ராத்திரி கடை சாத்திவிட்டு எல்லாவற்றையும் படித்தேன்.

அறிவிப்பாளர் தம்பி, அந்த நோட்டு விஷயம் எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. ஒருமுறை நான் பேசியபோது "இன்னும் புதுமண்டபத்துலதான் இருக்கீங்களா?" என்று ஓர் அம்மா கேட்டது, எப்படி ஞாபகம் வைத்திருக்கிறது என்று வீட்டில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். நோட்டைப் பார்த்துக் கேட்டார்கள் என்று தெரிந்தும் அந்தப் பெருமை குறையவில்லை. எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியதே, அது போதும்.

மேலூர் தங்கச்சி, உங்கள் கார்டைப் பற்றிப் படித்துவிட்டு என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். "இதைச் சொல்ல ஒரு ஆள் வரணுமாக்கும்" என்றாள். அவளுக்கு அந்தப் பழைய நிகழ்ச்சி எப்போதுமே பிடித்ததில்லையாம், எனக்காகத்தான் வீட்டிலும் ஓடியதாம். அதற்கு மேல் நான் பேசவில்லை.

பாட்காஸ்ட் தம்பி, இரண்டு நாளாக ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், நன்றாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் நடுவில் மணி சொல்வதில்லை, மழை வருமா என்று சொல்வதில்லை, எந்த ஊரில் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை. அந்தக் கத்திப்பாராப் பெண்ணுக்காவது ஓர் ஊர் இருந்தது.

ஐயா சொன்னபடி செட்டைச் சார்ஜருக்குத் தள்ளி வைத்தேன், பாதி இரைச்சல் போய்விட்டது. மீதிப் பாதி பக்கத்துக் கடை லைட், அவர்களை அணைக்கச் சொல்ல முடியாது. காலையில் அணை நீர்மட்டம் வரை பழைய நிலையம், அப்புறம் மத்திய அலை என்று வைத்திருக்கிறேன். எனக்கு ஒரு குழி நிலம் கிடையாது, ஆனாலும் பெரியாறு எத்தனை அடி என்று கேட்காமல் முடியவில்லை.

பேண்ட் மாற்றுகிற சுவிட்ச்தான் லூசாகிவிட்டது, கையை எடுத்தால் பழையபடி எஃப்.எம்.முக்கே ஓடிவிடுகிறது. டவுன்ஹால் ரோட்டில் இன்னும் பழைய செட் ரிப்பேர் பார்க்கிற கடை யாருக்காவது தெரியுமா?

முன்னாள்_அறிவிப்பாளர்:

தெரியும், தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். மத்தியானத்துக்கு மேல் போங்கள், காலையில் திறக்கமாட்டார்.