பொருள்: ‘டிஸ்க் குளோனிங்’ – முழுப்படியா, பதியனா?

நாகர்கோவில் மடல்:

கணினியைத் தொடங்கும் டிஸ்க்கை (பூட் டிரைவ்) எஸ்எஸ்டிக்கு மாற்றும் மென்பொருளின் உதவிக்குறிப்பைத் தமிழாக்குகையில் ‘குளோனிங்’ இடிக்கிறது: ஒரு டிஸ்க்கில் உள்ளதை, அதிலிருந்தே கணினி தொடங்கும்படி, இன்னொன்றுக்கு எடுப்பது. ‘நகலெடுப்பு’ என்றால் கோப்புகளை இழுத்துப்போடுவதாக எடுத்துக்கொள்வார்கள். சி டிரைவை மட்டும் கொண்டுபோனால் கணினி எழும்பாது. விண்டோஸைத் தொடங்கும் நிரல் இருப்பது, பெரும்பாலும் 100 எம்பி அளவில் தனியே கிடக்கும் ஈஎஃப்ஐ பகிர்வில் (பார்டிஷன்). ‘படிமம்’ ஏற்கெனவே, டிஸ்க்கை ஒரே கோப்பாகச் சேமிக்கும் இமேஜ் கோப்புக்குப் போய்விட்டது. ‘முழுப்படி’ எப்படி?

குலசேகரம் மடல்:

முழுப்படியில் ‘முழு’ உதைக்குது, அண்ணாச்சி. 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் 180 ஜிபிதான் நிரம்பியிருக்குன்னா, மென்பொருள் அதை மட்டும் எடுத்து 256 ஜிபி எஸ்எஸ்டியில் அடக்கிவிடும். செக்டர் செக்டராக, வெற்றிடத்தையும் சேர்த்து எடுப்பதுதான் முழுப்படி. அது வேறு வேலை.

‘பதியன்’ என்கிறேன். நம்ம பக்கம் ரப்பர் நாற்றுக்குக் குளோன் என்றே சொல்வோம், ஆனால் அது ஒட்டு. வேர் வேறொரு கன்றினுடையது. பதியனில் வேரும் தாய்ச்செடியினுடையதே, வேர்விட்டதும் வெட்டிப் பிரித்தே ஆகணும். இங்கேயும் அதே கதை. பழைய டிஸ்க்கைக் கழற்றாமல் எழுப்பினால், இரண்டிலும் ஒரே அடையாள எண் என்று விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளிவிடும். டிஸ்க்கை அப்படியே எடுக்கும் டிடி கட்டளையில் எடுத்த லினக்ஸ் என்றால் யூயூஐடியும் (பகிர்வின் அடையாள எண்) ஒன்றே. எது மவுண்ட் ஆகும் (இணைக்கப்படும்) என்று சொல்லவே முடியாது.

தக்கலை மடல்:

பதியன் சரி, வினைக்குப் ‘பதியனிடு’. ஆனால் சொல்லை மட்டும் போட்டு நிறுத்தினால் கணினி பழுதுபார்க்கும் கடைக்காரருக்குப் பயனில்லை. சொல்லின் பதிவோடு இவையும் வரட்டும்.

பதியனிடும் முன் ஸ்மார்ட் அட்டவணை (டிஸ்க் தன் உடல்நிலையை எண்ணிட்ட வரிசைகளில் காட்டுவது) பார்க்கணும். 199ஆம் வரிசை (தரவுப் பரிமாற்றப் பிழைகள்) ஏறிக்கொண்டே போனால் பழுது பெரும்பாலும் கேபிளில் (குளச்சல், முட்டம் உப்புக்காற்றில் இருந்த கணினி என்றால் முதலில் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிளின் முனைகளைப் பாருங்கள்). 197 (படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்கள்) சுழியமாக இல்லையென்றால் சாதாரண மென்பொருள் பாதியில் நிற்கும், பழுதான டிஸ்க்குக்கான டிடிரெஸ்க்யூவில் எடுங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) இருந்தால் இடைநிறுத்தி, மீட்புச் சாவியைக் குறித்து வையுங்கள். யூபிஎஸ் இல்லாமல் மழைக்காலத்தில் தொடவே வேண்டாம்.

சாட்டாவிலிருந்து என்விஎம்இக்கு (அதைவிட வேகமான எஸ்எஸ்டி இணைப்பு) மாறியதும் ‘இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்’ நீலத்திரை வந்தால், பெரும்பாலும் என்விஎம்இக்கான டிரைவர் (இயக்கும் நிரல்) தொடக்கத்திலேயே ஏற்றப்படவில்லை. சேஃப் மோடில் ஒருமுறை எழுப்பினால் பலவற்றில் தீரும். பயாஸில், டிஸ்க்கைக் கணினி அணுகும் முறைகளான விஎம்டி, ஏஹெச்சிஐ அமைப்பு மாறியிருந்தாலும் இதே திரைதான்.

‘பூட் டிவைஸ் இல்லை’ என்றால் கதை வேறு. எம்பிஆர் (பழைய பகிர்வுமுறை) டிஸ்க்கை அப்படியே எடுத்து, யூஇஎஃப்ஐ (புதிய தொடக்கமுறை) மட்டுமே உள்ள போர்டில் மாட்டியிருப்பார்கள். அதை ஜிபிடிக்கு (புதிய பகிர்வுமுறை) மாற்றணும். ஜிபிடியாகவே இருந்தால் விண்டோஸ் நிறுவல் பென்டிரைவில் எழுப்பி, ஷிப்ட் எஃப்10 அழுத்திக் கட்டளைத்திரையைத் திறந்து, டிஸ்க்பார்ட்டில் ஈஎஃப்ஐ பகிர்வுக்கு எஸ் என்று எழுத்துக் கொடுத்து, தொடக்கக் கோப்புகளை மீண்டும் எழுத இதை அடியுங்கள்: ‘பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யூஇஎஃப்ஐ’. அங்கே சி என்பது டி ஆகக் காட்டலாம், பார்த்துவிட்டு அடியுங்கள்.

நாகர்கோவில் மடல்:

பதியனுக்கே என் ஓட்டும். மென்பொருளில் மூலம், இலக்கு என்ற பெயர்ப்பட்டைகளையும் ‘தாய்’, ‘சேய்’ என்றே மாற்றிவிடலாம். ஆனால் இரண்டும் 500 ஜிபி என்றால் பெயரும் அளவும் உதவாது. திசை மாறினால் தாய் அழியும். பட்டையிலேயே தொடர் எண்ணின் கடைசி நான்கு எழுத்தைக் காட்டும்படி நிரலாளரிடம் கேட்கிறேன்.